விமானங்கள் எங்கே தூங்க வேண்டும்

பிரேசர் டவுன் பிரிஜெட்டுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று அவளுடைய உறவுக்காரர்கள் சொல்வார்கள். சுத்தப் பொய். அவளுக்குக் கோபம் அடிவயிற்றில் இருந்தது. அது மூக்குக்கு ஏறி வர ஒரு வருஷமாவது ஆகும். ஏறி வந்துவிட்டால் அப்புறம் இறங்காது. ஒரே ஒரு நாற்காலிக்காக அவள் வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்ற கதை இது. நாற்காலி என்றதும் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமான மர நாற்காலி, உட்காருகிற நாற்காலி.

1991இல் பௌதிகப் பட்டம் வாங்கிய சூட்டோடு, நகரத்துக்கு வடக்கே இருந்த ஒரு விமானப்படைத் தளத்தில் வானிலைப் பிரிவில் சிவிலியன் உதவியாளராகச் சேர்ந்தாள். மெட் என்று சொன்னால்தான் அங்கே யாருக்கும் புரியும். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில், கறிக்கடைகள் திறப்பதற்கு முன்னால், ஸ்வெட்டரும் ஸ்கார்ஃபுமாக நின்று பஸ் பிடிப்பாள். போய்ச் சேர்ந்ததும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும். பலூனைப் பறக்கவிட்டு மேலே காற்று எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணக்கிட வேண்டும். மற்ற ஊர்களிலிருந்து டெலிபிரிண்டரில் வரும் எண்களை வரைபடத்தில் ஏற்ற வேண்டும். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது, அதற்கு அப்புறம் நடந்த சடங்கு.

சடங்கு என்றால் சடங்குதான். தினமும் காலையில் விமானிகளும் அதிகாரிகளும் திட்ட அறையில் கூடுவார்கள். முதலில் மெட் ஆள் உள்ளே போய், கதவோரமாக நின்றபடி அன்றைய வானிலையை வாசிக்க வேண்டும். டீயைக் கலக்கிக்கொண்டே கேட்பார்கள். யாராவது ஒருவர், இன்றைக்குச் சூரியன் கிழக்கேதானே உதிக்கும் என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். மெட் ஆளும் கூடச் சேர்ந்து சிரிக்க வேண்டும், அது மரபு. வாசித்து முடித்ததும் வெளியே வந்துவிட வேண்டும். கதவு சாத்தப்படும். அதற்கு அப்புறம்தான் யார் எங்கே பறப்பது, எதற்காக என்ற பேச்சே ஆரம்பிக்கும். ராணுவ ரகசியம் அல்லவா? ஆகவே, யாருக்காக, எந்தக் காரியத்துக்காக வானிலை சொல்கிறோம் என்பது மெட் ஆட்களுக்கே தெரியாது. திட்டம் போடுகிறவர்களுக்கோ வானிலை என்பது டீயோடு வரும் பிஸ்கட் மாதிரி.

பிரிவின் தலைவர் ரங்கநாதன், மல்லேஸ்வரத்துக்காரர். நல்ல மனிதர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நம் அறிக்கையில் விரல் வைத்து இது தப்பு என்று எவனும் சொல்லிவிடக் கூடாது. எனவே கோடைக்காலம் முழுக்க தினமும், சில இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும். குளிர்காலம் முழுக்க தினமும், காலையில் மூடுபனி இருக்கக்கூடும், பிறகு காற்று வலுக்கக்கூடும். மழை வந்தால், அதான் சொன்னோமே. வராவிட்டால், எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லையே. இருபது வருஷ சர்வீஸில் அவரை ஒருவராலும் தப்பென்று நிரூபிக்க முடியவில்லை. எப்படி முடியும், சொல்லுங்கள்!

1993 ஜனவரியில் ஒரு நாள் பாராசூட் படையினருக்குக் குதிப்புப் பயிற்சி இருந்தது. தளத்தில் கண்ணை மறைக்கும் மூடுபனி. விமானங்கள் எழும்ப முடியாமல் நின்றன. வீரர்கள் மூட்டை முடிச்சோடு உள்ளே உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒன்பதரை வாக்கில் பனி விலகி வெயில் அடித்ததும் எல்லோருக்கும் ஒரே குஷி. இனி என்ன, கிளம்பு என்று கிளம்பினார்கள். முதல் விமானத்துக்காரர்கள் நன்றாகத்தான் இறங்கினார்கள். இரண்டாவது விமானம் வருவதற்குள் மைதானத்தில் கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. தரையில் கால் பட்ட பிறகும் பாராசூட்கள் மடங்கவில்லை. ஆட்களை இழுத்துக்கொண்டு ஓடின. பலருக்குச் சிராய்ப்பு. டென்சில் என்ற வீரனை, நாயக் பதவியில் இருந்தவனை, அவனுடைய பாராசூட் கொண்டுபோய்க் கல்தூண் வேலியில் மோதியது. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

விசாரணை நடந்தது. மெட் பிரிவின் அறிக்கையை எடுத்துப் பார்த்தார்கள். காலையில் மூடுபனி இருக்கக்கூடும், பிறகு காற்று வலுக்கக்கூடும் என்று அச்சடித்த மாதிரி இருந்தது. எழுதியவள் பிரிஜெட், கையெழுத்து ரங்கநாதனுடையது. பிரிவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று முடிவானது. அன்று சாயங்காலம் ரங்கநாதன் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தார். தப்பித்தோம் என்ற நிம்மதி அவருக்கு. பிரிஜெட் தன் துண்டைக் காகிதத்தில் சுற்றி மேஜை டிராயரில் வைத்தாள். மறுநாள் அதில் எறும்பு மொய்த்திருந்தது. அப்படியே எடுத்துக் குப்பையில் போட்டாள். ஏன் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை என்று அவளுக்கே அப்போது சரியாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் போகிற மாதா கோயில் பெண்கள் சிலர் ராணுவ ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு எடுத்துக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போவது வழக்கம். அந்த வாரம் பிரிஜெட்டும் போனாள். டென்சில் லிங்கராஜபுரத்துத் தமிழன். காலைக் கயிறு கட்டித் தூக்கி மாட்டியிருந்தார்கள். அவன் அந்த நிலைமையிலும் பக்கத்துக் கட்டில்காரனைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தான். தான் மெட் பிரிவு என்பதை அவள் சொன்னாள். அறிக்கையில் காற்றைப் பற்றி எழுதித்தான் இருந்தோம் என்பதையும், சொல்ல வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

அவன் கோபப்படவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். நீங்க எழுதுனது கரெக்டுதான். ஆனா அதுல நான் குதிக்கலாமா கூடாதான்னு எங்க இருந்துச்சு?"

"நீங்க குதிக்கப் போறீங்கன்னே எங்களுக்குத் தெரியாதுங்க."

அவன் சிரித்தான். சிரித்ததில் கால் வலித்து முகம் கோணியது. "அப்ப யாருக்குத்தான் எழுதுறீங்க?"

பஸ்ஸில் வீடு திரும்பும்போது கோல்ஸ் பார்க் நிறுத்தத்தில் இறங்க மறந்து அவள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கேள்விதான் அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. நியாயமான கேள்வி. ஒரு மனிதனின் கால் போயிருக்கிறது, அவளுடைய காகிதம் மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. இதுக்குப் பேர் வேலையா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த ஞாயிறும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். கூட வந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், இவள் நிற்கவில்லை. 1994இல் கல்யாணம். கால் விந்துகிற மாப்பிள்ளையா என்று அவள் அம்மா ஒரு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். டென்சில் ஒருநாள் வந்து மாமியாருக்கு மீன் ஆய்ந்து கொடுத்து, தன் காலைத் தானே நக்கல் பண்ணி அவளைச் சிரிக்க வைத்த பிறகு, முகம் சரியாகிவிட்டது.

இனி அவனால் குதிக்க முடியாது. ஆகவே அவனை மைதானக் குழுவில் போட்டார்கள். குதிப்பு இருக்கும் நாளில் முன்னாடியே ஜீப்பில் போய், கையளவு கருவியால் காற்றை அளந்து, புகை மூட்டி, வயர்லெஸ்ஸில் விமானத்துக்குச் சொல்கிற வேலை. ஒருநாள் சாப்பிடும்போது, தரையில் காற்று பதினைந்து நாட், அதாவது மணிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் குதிப்பதில்லை என்றான், ஏதோ ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் போல. பிரிஜெட் சோற்றில் கை வைத்தபடியே அவனைப் பார்த்தாள். அந்த எண் இத்தனை நாளாக இருந்திருக்கிறது. கதவுக்கு அந்தப் பக்கம் அவர்களுக்குத் தெரியும். இந்தப் பக்கம் காற்றை அளக்கிறவர்களுக்குத் தெரியாது. இவர்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் போவோர் வருவோரையெல்லாம் பிடித்துக் கேட்க ஆரம்பித்தாள். எது வந்தால் நீங்கள் நிறுத்துவீர்கள்? எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் விமானத்தை எழுப்புவீர்கள்? மெட் மேடம் உளவு பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று கேண்டீனில் கிண்டல் பண்ணினார்கள். பண்ணட்டும். கேலி செய்துகொண்டே பதிலையும் சொன்னார்கள், அவளுக்கு அது போதும்.

குளிர்கால லீவு நாட்களில் புருஷனும் பெண்டாட்டியும் சேட்டக் ஸ்கூட்டரில் ஃபிளாஸ்க்கோடு கிளம்பிவிடுவார்கள். லால்பாகுக்கா, கப்பன் பார்க்குக்கா? குதிக்கும் மைதானத்துக்கு! இரண்டு குளிர்காலம் இப்படி. போகப் போக அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தளம் ஏரிக்குப் பக்கத்தில், பள்ளத்தில் இருந்தது. மைதானம் மேட்டில். ஆகையால் மைதானத்தில் பனி சீக்கிரம் விலகிவிடும். தளம் அதற்கு அப்புறமும் வெகுநேரம் பனியில் முங்கிக் கிடக்கும். இரவெல்லாம் குளிர்ந்த காற்று தரையின் மேல் ஒரு மூடி மாதிரி படுத்திருக்கும். வேகமான கிழக்குக் காற்று அதற்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறினால் மூடி திறந்துகொள்ளும், மேலே இருந்த காற்று தரைக்கு இறங்கிவிடும். தளத்தில் பனி விலகுகிற அதே வேளைதான் மைதானத்தில் காற்று இறங்குகிற வேளை. பனி விலகட்டும் என்று காத்திருந்த ஒவ்வொரு தடவையும், அவர்கள் உண்மையில் காற்று வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள்.

ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள்: "பனி வரும்னு தெரிஞ்சா அன்னிக்கி ராத்திரி ப்ளேன் இங்க தூங்கவே கூடாது. முன்னாடி நாளே ஊருக்குக் கிழக்கால இருக்கிற ஏர்போர்ட்டுக்குப் போயிடணும். அங்க பனி கம்மி. விடிஞ்சதும் அங்கேருந்து நேரா மைதானத்துக்கு வரலாம்."

டென்சில் டம்ளரைக் கீழே வைத்தான். "இதை யார் கிட்ட சொல்லப் போற?"

அதானே சங்கடம்! விமானத்தை முதல்நாளே நகர்த்த வேண்டுமென்றால் உத்தரவு போடுவதற்கு முன்னாலேயே வானிலை தெரிய வேண்டும். உத்தரவு போட்ட பிறகு, மறுநாள் காலையில் கதவோரம் நின்று வாசித்து என்ன பிரயோஜனம்? அவள் திட்ட அறைக்குள் உட்கார வேண்டும், அதுவும் முதல்நாள் மத்தியானமே.

ரங்கநாதனிடம் சொன்னாள். அவர் பதறிப்போனார். வானிலையைச் சொல்வதுதான் நம் வேலை, விமானத்தை எங்கே நிறுத்துவது என்பது அவர்கள் பாடு, அதில் தலையை விட்டால் தலை திரும்பி வராது என்றார். அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் மேலே அனுப்பவில்லை. மறுபடி எழுதிக் கொடுத்தாள். மறுபடியும் அப்படியே. ஒரு குளிர்காலம் வீணாகப் போனது. அந்தக் குளிர்காலத்தில் இன்னொரு வீரனுக்குத் தோள்பட்டை விலகியது.

1997இல் தளத்துக்குப் புதுத் தளபதி வந்தார். குரூப் கேப்டன் முத்தண்ணா, குடகுக்காரர். தாம்பரத்தில் பல வருஷம் இருந்ததால் தமிழ் சரளமாக வரும். அவர் வந்த மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் பிரிஜெட் அறிக்கையை வாசித்தாள். சூரியன் கிழக்கேதானே என்று வழக்கம்போல் ஒருவர் கேட்டார், அறை சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. வாசித்து முடித்த பிறகு வெளியேயும் போகவில்லை. கதவோரம் அப்படியே நின்றாள். எல்லோரும் அவள் போவதற்காகக் காத்திருந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை.

என்ன வேண்டும் என்று முத்தண்ணா கேட்டார்.

"சார், இதுக்கு அப்புறம் நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் சொல்ற வானிலை ரேடியோ நியூஸ் மாதிரிதான். கேட்டுட்டு மறந்துடலாம்."

ஒருவர் தொண்டையைச் செருமினார். முத்தண்ணா அவளை மத்தியானம் தன் அறைக்கு வரச் சொன்னார். அங்கே அவள் மைதானம், ஏரி, பனி, காற்று எல்லாவற்றையும் வரைந்து காட்டினாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார், பிறகு ஒரு நிபந்தனை போட்டார். இந்தக் குளிர்காலம் மட்டும் திட்ட அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி. குதிப்புக்கு முதல்நாள் மத்தியானம் அவள் வந்து உட்கார்ந்து, பனி உண்டா இல்லையா, விமானம் எங்கே நிற்க வேண்டும் என்று ஒரே பேச்சாகச் சொல்ல வேண்டும். இருக்கக்கூடும் என்ற பேச்சே கூடாது. அவளை நம்பி நகர்த்துகிற விமானத்துக்கு எரிபொருள், ஆட்கள், அனுமதி என்று ஆயிரம் தலைவலி. சரிப்படவில்லையென்றால் பழையபடி கதவோரம். பண்டக அறையிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அதற்கு ஒரு கை ஆடியது. அவளுக்கு அது சிம்மாசனம்.

டிசம்பரில் முதல் சோதனை. இரண்டு நாள் தூறி, மத்தியானம் வானம் துடைத்து விட்டாற்போல் இருந்தது. மண் ஈரம், காற்று இல்லை. நாளைக்குப் பனி நிச்சயம், விமானங்கள் கிழக்கே போகட்டும் என்றாள். போயின. விமானிகள் அங்கே கொசுக்கடியில் ஒரு கூடத்தில் படுத்துக் கிடந்தார்கள்.

விடிந்தது. பனியா? ஒரு பொட்டு இல்லை. ஏரிக்கரையில் நிற்கிற கொக்கை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ராத்திரியில் கிழக்கேயிருந்து மெல்லிய மேகம் வந்து கம்பளி மாதிரி மூடிக்கொண்டதில் தரை குளிரவே இல்லை. குதிப்பு சுமுகமாக நடந்தது. இங்கேயிருந்தே கிளம்பியிருந்தாலும் நடந்திருக்கும். கேண்டீனில் அவள் தலையைக் கண்டதும் ஒரு விமானி தன் கையிலிருந்த கொசுக்கடியைக் காட்டினான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அன்றைக்கு அவளுக்கு நேர்ந்த அவமானம் கொஞ்சநஞ்சம் அல்ல. ரங்கநாதன் அதைக் கண்டு சந்தோஷப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய மாதிரியே எழுதிவிடு, இனி யாரும் உன்னை ஒன்றும் சொல்ல முடியாது என்றார். அன்பாகத்தான் சொன்னார், அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அடுத்த குதிப்பு பொங்கலுக்கு முன்னால் வருகிறது. இன்னொரு தடவை தப்பானால் நாற்காலி பண்டக அறைக்குப் போய்விடும். விமானங்கள் பழையபடி பனியில் காத்துக் கிடக்கும். பையன்கள் காற்றில் போய் விழுவார்கள்.

வீட்டில் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். டென்சில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தான், குளிர்காலத்தில் அது குடையும். நடந்ததையெல்லாம் கேட்டான். எங்கே தப்பு என்று தெரிந்துவிட்டதா என்று மட்டும் விசாரித்தான். மேகம் வரப்போவதைப் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்றாள்.

"அப்ப அடுத்த தடவ அதைப் பாரு. நான் மொத தடவ குதிச்சப்ப கூட மூஞ்சி அடிபட குப்புறதான் விழுந்தேன். அதுக்காக ரெண்டாவது தடவ குதிக்காமயா இருந்தேன்?" தைலக் குப்பியை மூடிவிட்டு, "ஆனா ஒண்ணு. திரும்ப அந்த மாதிரி எழுதிறாத. யாருக்குன்னே இல்லாத மாதிரி," என்றான்.

ஜனவரி வந்தது. மறுபடி ஈரம், மறுபடி சலனமற்ற மத்தியானம். இந்தத் தடவை அவள் வரைபடத்தோடு நிற்கவில்லை. சென்னை வானிலை நிலையத்துக்கு டிரங்க் கால் போட்டு, கடற்கரைப் பக்கம் உயரத்தில் மேகம் இருக்கிறதா, எந்தத் திசையில் போகிறது என்று கேட்டாள். வேலூர்ப் பக்கம் கேட்டாள். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் திரையில் செயற்கைக்கோள் படமே வந்துவிட்டது; பிள்ளைகள் ஒரு விரலைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். அன்றைக்கு டெலிபோன் ஆபரேட்டரோடு சண்டை போட்டால்தான் மேகம் தெரியும். போட்டாள். எங்கும் மேகம் இல்லை என்று பதில் வந்தது.

காலையில் பனி உண்டு, விமானங்கள் கிழக்கே போக வேண்டும். இரண்டே வரி. ரங்கநாதன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்த இரண்டு வரியைப் பார்த்தார். கீழே எங்கேயாவது ஓர் ஓட்டை வைக்கலாமா என்று அவர் கண் தேடியது.

"இதுல ஒளிஞ்சுக்க இடமே இல்லையேம்மா," என்றார்.

"இல்ல சார்."

அவர் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணலாக விழுந்தது. அதோடு அவரும் எழுந்து அவள் பின்னாலேயே திட்ட அறைக்கு வந்து, நாற்காலி இல்லாததால், அவள் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். அதை அவள் எதிர்பார்க்கவே இல்லை. கண் கலங்கிவிட்டது. முத்தண்ணா அறையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். கொசுக்கடிக்காரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நகர்த்துங்கள் என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் விடியும்போது தளத்தில் தன் கையைத் தானே பார்க்க முடியாத பனி. திட்ட அறை ஜன்னல் வெள்ளை அடித்த சுவர் மாதிரி இருந்தது. கொஞ்சம் நிம்மதி, ஆனால் பாதி நிம்மதிதான். மைதானத்திலும் பனி விலக வேண்டுமே! விமானங்கள் கிழக்கேயிருந்து கிளம்பி வானத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. எரிபொருள் கரைந்துகொண்டிருந்தது. டென்சில் மைதானத்திலிருந்து வயர்லெஸ்ஸில், இன்னும் கல்தூண் வேலி தெரியவில்லை என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டபோதும் அதையே சொன்னான். ஜன்னலைப் பார்த்துவிட்டு ஒருவர், இது இன்றைக்கு விலகாது, திரும்பக் கூப்பிட்டுவிடலாம் என்றார். முத்தண்ணா பிரிஜெட்டைப் பார்த்தார்.

"அது பள்ளத்துப் பனி சார். மேட்டுல விலகும். இருங்க." ஆடுகிற நாற்காலிக் கையை அவள் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வயர்லெஸ் கரகரத்தது. வேலி தெரிகிறது, அதற்கு அப்பால் மரங்களும் தெரிகின்றன, காற்று நான்கு நாட் என்றான் டென்சில்.

குதித்தார்கள். அறையிலிருந்து எதையும் பார்க்க முடியாது. விமானங்களின் சத்தம் கூடக் கேட்காது. வெள்ளை ஜன்னலும், சுவர்க் கடிகாரமும், ரங்கநாதன் மூச்சு விடுகிற சத்தமும்தான். வயர்லெஸ்ஸில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது விதி. டென்சில் ஒழுங்கான சிப்பாய், விதி மீறாதவன்.

"ரெண்டு ப்ளேனும் முடிஞ்சுது. எல்லாரும் எறங்கியாச்சு. எல்லாரும் நடந்து வர்றாங்க," என்றான். வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. "பிரிஜெட், எல்லாருமே நடந்து வர்றாங்க."

அவள் முகத்தை ஸ்கார்ஃபால் மூடிக்கொண்டு அழுதாள். யாரும் விதியைப் பற்றிப் பேசவில்லை.

ஒன்பதரை வாக்கில் தளத்தின் ஜன்னலில் மெல்ல ஏரி தெரிந்தது, கொக்கு தெரிந்தது, இதமான வெயில் மேஜை மேல் விழுந்தது. பழைய திட்டப்படி என்றால் இப்போதுதான் எல்லோரும் குஷியாகக் கிளம்பியிருப்பார்கள். மைதானத்திலிருந்து டென்சில் கடைசி அளவைச் சொன்னான். காற்று இருபத்திரண்டு நாட், டிபன் சாப்பிடப் போட்ட கூடாரம் முளையைப் பிடுங்கிக்கொண்டு போய் வேலியில் மாட்டியிருக்கிறது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. கொசுக்கடிக்காரன் எழுந்து ரங்கநாதனுக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தான்.

முத்தண்ணா அடுத்த வரைபடத்தை விரித்தார். அடுத்த குதிப்பு வெள்ளிக்கிழமை. பேனாவைத் திறந்து உத்தரவை எழுதப் போனவர் தலையை நிமிர்த்தினார்.

"சொல்லும்மா. அன்னிக்கு விமானம் எங்க தூங்கணும்?"

பிரிஜெட் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை மத்தியானம் சொல்றேன் சார். அதுவரைக்கும் உத்தரவு போடாதீங்க."

முத்தண்ணா பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.